நியூயார்க் பக்கம், திருவண்ணாமலை தூரம்

வாரம் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வரச் சொல்வது அதிகம், ஐந்து நாளும் வீட்டிலேயே உட்காருவதும் அதிகம், மூன்று நாள் அங்கே இரண்டு நாள் இங்கே என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது. ஐடி வேலையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நியாயஸ்தர்கள் எல்லோரும் இப்போது வந்து நிற்கும் இடம் இது. தொலைக்காட்சி விவாதத்தை நெறியாளர் இதைச் சொல்லித்தான் முடித்துவைக்கிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் இதைத்தான் சொல்கிறார். ஹைப்ரிட் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. இரு தரப்பும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்த பிறகு இன்னும் என்ன வழக்கு என்று கேட்கிறார்கள்.

வழக்கு இருக்கிறது. இந்தப் பஞ்சாயத்து சென்னையில் ஆபீஸ் வைத்திருப்பவருக்கும் சென்னையில் வீடு வைத்திருப்பவருக்கும் நடுவே நடந்து முடிந்தது. வேளச்சேரியில் குடியிருப்பவருக்கு மூன்று நாள் என்றால், வாரத்தில் மூன்று முறை பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் போய்வருவது. இரண்டு நாள் அலைச்சல் மிச்சம். திருவண்ணாமலைக்காரருக்கு மூன்று நாள் என்றால் சென்னையில் ஓர் அறை, அதற்கு அட்வான்ஸ், மாத வாடகை, மெஸ் சாப்பாடு, வாராவாரம் பஸ். மூன்று நாள் மட்டும் தங்குகிறார் என்பதற்காக எந்த வீட்டுக்காரரும் வாடகையில் ஐந்தில் இரண்டு பங்கைக் கழித்துக்கொள்வதில்லை. எங்களுக்கு மூன்று நாளும் ஒன்றுதான், ஐந்து நாளும் ஒன்றுதான். இரண்டுக்கும் பொருள், ஊரைக் காலி செய்து வா என்பதே. வீடா ஆபீஸா என்று நகரத்தில் இருப்பவர்கள் அடித்துக்கொள்ளட்டும். எங்களுக்கு அது ஊரா நகரமா என்ற கேள்வி. அதை யாரும் விவாதத்தில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்கு வந்து பாருங்கள். முதுகில் லேப்டாப் பை, கையில் கட்டைப்பை. கட்டைப்பைக்குள் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், இஸ்திரி போட்ட ஐந்து சட்டைகள். பைக்கில் கொண்டுவந்து விட்ட அப்பா, பஸ் நகரும் வரை ஓரமாக நிற்பார். பிள்ளை ஏறினானா, சீட் கிடைத்ததா என்று ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பார். பௌர்ணமி வந்து ஞாயிற்றுக்கிழமையோடு ஒட்டிக்கொண்டால் கதை கெட்டது. லட்சக்கணக்கான பேர் கிரிவலம் முடித்துத் திரும்பும் இரவில், ஊருக்கு வெளியே போட்ட தற்காலிகப் பேருந்து நிலையம் வரை நடந்து, அந்தக் கூட்டத்தோடு சீட்டுக்கு மோத வேண்டும். நள்ளிரவு தாண்டி ஏறி, கிளாம்பாக்கத்தில் இருட்டோடு இறங்கி, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக சிறுசேரிக்கோ சோழிங்கநல்லூருக்கோ போய், குளித்து, ஒன்பதரைக்கு அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போனால் திங்கட்கிழமை தொடங்கிவிட்டது. அந்தத் திங்கட்கிழமை என்ன தரத்தில் வேலை நடக்கும் என்பதை உற்பத்தித்திறன் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுறையாவது கணக்கெடுக்கலாம்.

ரயிலில் போகலாமே என்பார்கள். 2024 மே மாதம் சென்னைக் கடற்கரை–வேலூர் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். 50 ரூபாய் கட்டணம். ஊரே மகிழ்ந்தது, நானும்தான். மாலை 6 மணிக்குக் கடற்கரையில் கிளம்பி நள்ளிரவு 12 மணி சுமாருக்கு இங்கே வரும். விடிகாலை 4 மணிக்கு இங்கே கிளம்பி 10 மணிக்குச் சற்று முன்னால் கடற்கரையைத் தொடும் என்று அட்டவணை போட்டார்கள். அண்ணாமலையாரைப் பார்க்க வருகிறவருக்கு அருமையான ரயில். வேலைக்குப் போகிறவர் இதை நம்பினால் நடுவே நான்கு மணி நேரம் தூங்குவதற்கு வீட்டுக்கு வந்து போகலாம். திண்டிவனத்திலிருந்து நேராக இங்கே வரவேண்டிய புதிய பாதையோ, எத்தனையோ பட்ஜெட்டுகளைப் பார்த்த பிறகும் முடிந்தபாடில்லை.

இனி மறுப்புக்கு வருகிறேன். ஆபீஸுக்குத் திரும்பச் சொல்கிறவர்களின் மூல வாதம், ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்பது. இதை வேறு எந்தத் தொழில்காரர் சொன்னாலும் பொறுமையாகக் கேட்பேன். இந்திய ஐடி தொழில் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அந்தத் தொழில் எதை விற்றுப் பெரிதானது? நீங்கள் நியூயார்க்கில் இருங்கள், நாங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறோம், வேலை ஒரு குறையும் இல்லாமல் வந்து சேரும் என்ற வாக்குறுதியை விற்றுத்தான். 1990களின் கடைசியில் இரண்டாயிரமாவது ஆண்டுக் கோளாறைச் சரிசெய்யக் கிடைத்த வேலைகளில் சூடுபிடித்தது அந்த வியாபாரம். இன்ஃபோசிஸ் அதற்கு குளோபல் டெலிவரி மாடல் என்று பெயர் சூட்டி உலகம் முழுக்க எடுத்துப் போனது. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் 13,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே காலை என்றால் இங்கே இரவு. வாடிக்கையாளரும் வேலை செய்கிறவரும் ஒரே காபி மெஷின் முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. அந்தத் தூரத்தில் கெடாத வேலை, 190 கிலோமீட்டரில் கெட்டுவிடுமாம். அதே இன்ஃபோசிஸின் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023 பிப்ரவரியில் புனேயில் பேசியபோது, வீட்டிலிருந்து வேலை, வாரம் மூன்று நாள் மட்டும் ஆபீஸ் என்ற வலையில் விழுந்துவிடாதீர்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொண்டார். தூரத்திலிருந்து வேலை பார்ப்பது ஒரு வலை என்றால், அந்த வலையை முதலில் நெய்து டாலருக்கு விற்றவர்களில் அவரும் ஒருவர்.

இந்த முரணை நேரில் காண வேண்டுமானால் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே ரமண நகர்ப் பக்கம் வாருங்கள். செங்கம் சாலையை ஒட்டிய காபிக் கடைகளில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு வெளிநாட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் ஆசிரமத்தில் தியானம், மத்தியானத்துக்கு மேல் அவர்கள் ஊர் ஆபீஸ் விழித்ததும் மீட்டிங். அவர்கள் விசா அதற்கு இடம் கொடுக்கிறதா என்பது தனிக் கதை, அதை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். பெர்லினிலும் லண்டனிலும் உள்ள நிறுவனங்களுக்குத் திருவண்ணாமலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தக் காபிக் கடைக்குப் பின்தெருவில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் படித்து, பொறியியல் முடித்து வேலைக்குப் போன பெண்ணுக்கு மட்டும் பெருங்குடியில் பிஜி ஹாஸ்டலில் மூன்று பேர் அறை.

சரி, வீட்டில் இருந்தால் வேலை நடக்காது என்ற குற்றச்சாட்டு? இதற்கு நிறுவனங்களே முன்பு சொன்ன பதில் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், ஏறத்தாழ நாலரை லட்சம் ஊழியர்கள் கொண்ட டிசிஎஸ் தன் ஆட்களில் பெரும்பாலோரைச் சில வாரங்களில் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தது. அடுத்த மாதமே, 2025க்குள் எந்த நேரத்திலும் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் ஆபீஸில் இருந்தால் போதும், ஒவ்வொருவரும் தம் வேலை நேரத்தில் 25 சதவீதத்தை அங்கே கழித்தால் போதும் என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. இதுதான் எதிர்காலம் என்று பெருமையாகப் பேசினார்கள். பெரும்பாலோர் வீட்டில் இருந்த 2021-22 நிதியாண்டில், விலகியவர்கள் போக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய ஆட்களைச் சேர்த்தது அந்த நிறுவனம். வேலை நடக்காத இடத்தில் யாரும் இப்படி ஆள் சேர்ப்பதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் அதே நிறுவனம் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வரச் சொன்னது. அடுத்த ஆண்டு காலாண்டு ஊக்கத்தொகையை வருகையோடு முடிச்சுப் போட்டது. வருகை 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் காலாண்டுக்கு ஒன்றும் கிடையாது. இடையில் மனிதர்கள் மாறிவிட்டார்களா, வேலை மாறிவிட்டதா? இரண்டும் இல்லை. ஆள் கிடைக்காத காலம் போய் ஆள் மிஞ்சும் காலம் வந்தது, அவ்வளவுதான்.

ஆய்வுகளை எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு எதிரான ஆய்வை நானே முதலில் வைக்கிறேன், ஏனென்றால் அது நம் சென்னையில் நடந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர்கள் டேவிட் அட்கினும் ஆன்டனெட் ஷோரும் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து 2023இல் வெளியிட்டது. டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, குலுக்கல் முறையில் சிலரை வீட்டிலும் சிலரை ஆபீஸிலும் உட்கார வைத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் உற்பத்தி 18 சதவீதம் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலிருந்தே தெரிந்தது. மிச்சம், ஆபீஸில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்த வித்தியாசம். நல்ல ஆய்வு, மழுப்ப விரும்பவில்லை. அந்த ஆய்வு அளந்தது ஒரு நகரத்து வீட்டையும் அதே நகரத்து ஆபீஸையும். இரண்டு அறைக்குள் ஐந்து பேர், தொலைக்காட்சிச் சத்தம், வாசலில் கீரைக்காரம்மா என்று வாழும் புதிய ஊழியருக்கு ஒரு மேசையும் அமைதியும் தேவை என்பதை அது நிரூபிக்கிறது. அந்த மேசை ஊரிலிருந்து 190 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை.

மறுபக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிகோலஸ் புளூமின் ஆய்வுகள். ஷாங்காயில் ஒரு பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010-11இல் ஒன்பது மாதம் நடந்த சோதனையில், வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. ஆனால் சோதனை முடிந்ததும் அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், தனிமை தாங்கவில்லை, ஆபீஸுக்கே போகிறோம் என்றார்கள். வீட்டுக்காக வாதாடுகிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதே இல்லை. அதே நிறுவனத்தில் பின்னர் 1,612 பேரிடம் நடத்தி 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, வாரம் இரண்டு நாள் வீட்டில் விட்டால் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைகிறார்கள், வேலையின் தரம் குறையவில்லை என்று கண்டது. இதைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். ஆட்கள் தாமாகவே விலகிப் போக வேண்டும், வேலைநீக்கம் என்ற கெட்ட பெயரும் நமக்கு வேண்டாம் என்று ஒரு நிறுவனம் நினைத்தால் அது என்ன செய்யும்?

ஊகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊகமில்லாத காரணங்களும் உண்டு. நம் ஐடி நிறுவனங்கள் பல சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்குள் இருக்கின்றன. அங்கே கிடைத்த வரிச் சலுகைகள் அந்த வேலிக்குள் நடக்கும் வேலைக்கானவை. ஆள் வெளியே உட்கார்ந்தால் சலுகை என்னாவது என்ற குழப்பம் வந்ததால்தான், 2022 ஜூலையில் ஒன்றிய வணிகத் துறை 43ஏ என்று ஒரு புதிய விதியைச் சேர்த்து, பாதிப் பேர் வரை, ஓராண்டு வரை வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் அதைத் தளர்த்தி, 2023 முடியும் வரை எல்லாரும் பார்க்கலாம் என்றது. பிறகும் நீட்டித்தது. பல்லாண்டுக் குத்தகைக்கு எடுத்த கட்டடங்கள், கேன்டீன், பஸ் ஒப்பந்தம் இவையும் சேர்த்தி. ஆபீஸுக்கு வரச் சொல்லும் மின்னஞ்சலில் பண்பாடு, ஒத்துழைப்பு, புதுமை எல்லாம் இருக்கும்; குத்தகைப் பத்திரம் மட்டும் இருக்காது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு மனப்பான்மை கிடக்கிறது. கண் முன்னால் இருந்தால்தான் வேலை பார்க்கிறான் என்ற சந்தேகம். எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் வாரம் 90 மணி நேரம் உழைக்கலாமே, வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்ட காணொளி 2025 ஜனவரியில் ஊரெல்லாம் சுற்றியது. எல்லோரும் அந்த 90ஐப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். எனக்கு உறுத்தியது இரண்டாவது பாதி. வீடு என்பது வெட்டியாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் என்று நினைப்பவர், வீட்டிலிருந்து வேலை நடக்கும் என்பதை எப்படி நம்புவார்?

அவர் ஆரணிக்கு வந்து பார்க்கலாம். எங்கள் மாவட்டம்தான். அங்கே பட்டுச் சேலை நெய்கிறவர் வீட்டுக்குள்ளேயே தறி. சமையற்கட்டுக்கும் தறிக்குழிக்கும் இடையே நான்கடி. மாஸ்டர் வீவரோ கூட்டுறவுச் சங்கமோ பாவும் ஊடையும் கொடுக்கும், சேலை முடிந்ததும் வாங்கிக்கொள்ளும். எத்தனை மணிக்கு உட்கார்ந்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓடிய இழையும் விட்ட இழையும் தெரிந்துவிடும். வேலையைப் பார்த்து மதிப்பிடத் தெரிந்தவருக்கு ஆளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு டீமில் யார் என்ன செய்தார் என்று சொல்லத் தெரியாத மேனேஜர்தான் யார் எத்தனை மணி நேரம் இருந்தார் என்ற பட்டியலை எடுத்து வைத்துக்கொள்கிறார்.

ஆரணியைச் சொன்னதால் அதன் கசப்பையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் தறி என்பதால் நெசவாளிக்கு வேலை நேரம் என்று ஒன்றில்லை. மனைவியும் பிள்ளைகளும் கூலி இல்லாமல் கூடமாட வேலை செய்வார்கள். தனித்தனி வீடுகளில் கிடப்பதால் சேர்ந்து கூலி கேட்பது கடினம். வீட்டிலிருந்து வேலை என்றாலே சுதந்திரம் என்று பாடுகிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, ஒரே ஒரு கால், ரெண்டு நிமிஷம் என்று கூப்பிடும் டீம் லீட் எல்லார் வீட்டிலும் உண்டு. இதற்குத் தீர்வு ஆளைத் திரும்ப ஆபீஸில் அடைப்பதா? பீடி சுற்றும் பெண்களுக்கு நம் நாடு வேறு பதில் கண்டது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே கணக்கில் எடுத்துக்கொண்டது. அடையாள அட்டை, வருங்கால வைப்பு நிதி என்று அவர்களுக்கு உரிமைகள் வந்தன. குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணைச் சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அடையாளம் கண்டுகொண்டது. லேப்டாப்பை மடியில் வைத்திருப்பவருக்கு அப்படித் தனியாக ஒரு சட்டம் இதுவரை இல்லை.

அடுத்த வாதம் கொஞ்சம் சாமர்த்தியமானது. பஸ் ஓட்டுகிறவரால் முடியுமா, நர்ஸால் முடியுமா, செய்யாறு ஷூ கம்பெனிப் பெண்ணால் முடியுமா, உங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சொகுசு என்று கேட்பார்கள். ஏழைகளின் பெயரைச் சொல்லிக் கேட்கப்படுவதால் பலர் வாயடைத்துப் போகிறார்கள். செய்யாறையே எடுத்துக்கொள்வோம். தைவான் நிறுவனம் ஒன்று செய்யாறு சிப்காட்டில் வந்து காலணித் தொழிற்சாலை போட்டது ஏன்? வேலை செய்யும் பெண்கள் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருக்கிறார்கள் என்பதால். விடியலில் கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து ஏற்றிக்கொள்கிறது, ஷிஃப்ட் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. அந்தப் பெண் இரவு தன் வீட்டில்தான் தூங்குகிறாள். கூலி போதாது, வேலை கடினம், எல்லாம் உண்மை. ஆனால் பிசினும் தோலும் இயந்திரமும் வைத்து நடக்கும் தொழில் ஆட்கள் இருக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டது. இணைய இணைப்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் தேவைப்படாத தொழில் நகர மாட்டேன் என்கிறது. இதில் சொகுசு கேட்பவர் யார்?

புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரியவர்களோடு உட்கார்ந்தால்தான் தொழில் படியும் என்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. சென்னை ஆய்வும் அதைத்தான் காட்டியது. அப்படியானால் முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ வரச் சொல்லுங்கள், எந்தத் தாயும் தடுக்கமாட்டாள். ஆனால் இன்றைக்கு ஆபீஸ் வருகிறவர் செய்வது என்ன? காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, புனேயில் இருக்கும் மேனேஜரோடும் டல்லாஸில் இருக்கும் வாடிக்கையாளரோடும் திரையில் பேசிவிட்டு எழுந்து போகிறார். பக்கத்து நாற்காலிக்காரர் வேறு புராஜெக்ட். கற்றுத்தர வேண்டிய மூத்தவர் அன்றைக்கு வரும் நாளில்லை.

பெண்களுக்கு வசதி என்ற பேச்சில் எனக்கு என் தரப்பு ஆட்களோடேயே சண்டை. 2017இல் திருத்திய மகப்பேறு பலன் சட்டம், விடுப்பு முடிந்த பிறகு இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி செய்தது, நல்லது. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு 2025 பிப்ரவரியில், பெண்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்பதைப் பெரிய அளவில் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். அதையும் வரவேற்கலாம், பெண்களுக்கு என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால். மனைவிக்கு வீட்டு வேலை, கணவனுக்கு ஆபீஸ் வேலை என்று பிரித்தால் பதவி உயர்வு எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. குக்கர் விசிலுக்கும் மாமியாரின் மாத்திரைக்கும் நடுவே மீட்டிங்கில் உட்காரும் பெண்ணுக்கு வீட்டை விட, தெரு முனையில் ஒரு மேசையும் கதவும்தான் உதவும். அதே அறிவிப்பில் ஊர் தோறும் பொது வேலையிடங்கள் பற்றியும் நாயுடு பேசினார். கவனிக்க வேண்டியது அந்தப் பகுதி.

இவர்களெல்லாம் ஊரில் வந்து உட்கார்ந்தால் வாடகை ஏறும் என்று உள்ளூரிலேயே முணுமுணுப்பு உண்டு. கிரிவலப் பாதையை ஒட்டி மனை விலை ஏறியதற்குப் பக்தர்களும், வெளிமாநிலத்தவர் வாங்கிப்போட்ட இடங்களும், தங்கும் விடுதிகளும் காரணம். இந்த ஊருக்கு நெருக்கடி உண்டு, மறுக்கவில்லை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி மலைச்சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். மலையடிவாரத்தில் இனியும் கட்டடம் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் திரும்பி வருகிற பிள்ளை புது மனை தேடி வருவதில்லை. தான் பிறந்த வீட்டு மாடி அறைக்கு வருகிறான். அவன் சம்பளம் வேளச்சேரி வீட்டுக்காரருக்குப் போகாமல் தேரடித் தெரு மளிகைக் கடைக்கும் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவருக்கும் போகிறது. அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் ஆட்டோ பிடிக்க ஆள் இருக்கிறது.

எங்கள் பக்கக் குறையையும் சொல்லிவிடுகிறேன். தீபத்தன்று இங்கே யாருக்கும் போன் போகாது. பௌர்ணமி இரவுகளில் மொபைல் இணையம் தவழும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். வாடிக்கையாளர் மீட்டிங்கில் சத்தம் அறுந்து, என்ன ஆயிற்று என்று கேட்கும் மேனேஜருக்கு, சார், இன்னைக்குப் பௌர்ணமி என்று பதில் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாது என்பது சரி. தடையில்லா மின்சாரமும் தனி இணைய இணைப்பும் உள்ள ஒரு கட்டடம் ஊருக்குள் வேண்டும். அதைக் கேட்பதுதான் என் கட்சி.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் அலுவலகத்தை எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இரு என்றும் சொல்லாமல், சென்னைக்கு வா என்றும் சொல்லாமல், ஆபீஸை ஊர்ப் பக்கம் கொண்டுபோனார்கள். அரசுக்கும் இந்த யோசனை இல்லாமல் இல்லை. விழுப்புரம் மாவட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் முதல் மினி டைடல் பூங்கா திறந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தஞ்சாவூரும் சேலமும். திருவண்ணாமலைக்கும் ஒன்று என்று அறிவித்திருக்கிறார்கள். எனக்குள்ள பயம், அதையும் புதிய நிறுவனங்களுக்கு மாடி மாடியாக வாடகைக்கு விட்டுவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள் என்பது. புதிய நிறுவனம் ஒன்று இங்கே வந்து நூறு பேருக்கு வேலை கொடுப்பது நல்லதுதான். அதைவிடச் சுலபமானது, ஏற்கெனவே வேலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கே நாற்காலி போடுவது.

நிறுவனங்களிடம் கேட்பது ஒன்றுதான். வருகைப் பதிவில் ஊர்த் தூரத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் சொந்த வீடு உள்ளவர், தன் ஊர்ப் பொது வேலையிடத்தில் அட்டையைத் தேய்த்தாலும் ஆபீஸ் வந்ததாகவே கணக்கு வையுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு நாள் நேரில் கூப்பிடுங்கள், வருவார்கள். ஐடி துறை அமைச்சருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள்: திருவண்ணாமலை மினி டைடலில் ஒரு தளத்தையாவது தனி நிறுவனம் எதற்கும் கொடுக்காதீர்கள். அதில் ஒரு நாற்காலிக்கு மாத வாடகை என்ன என்று கட்டடம் எழும்பும் முன்பே அறிவியுங்கள், அந்தத் தொகையை ஆட்களை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் வசூல் செய்யுங்கள். சென்னையில் அதே நாற்காலிக்கு அவர்கள் இப்போது கொடுப்பதைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.